கொடிக்காரியின் கணுக்கால்

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நானும் கத்தினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் ஊர் ஸ்லிவோவோ. பக்கத்து ஊர் போரோவா. இரண்டு ஊர்க் கால்பந்து அணிகளுக்கும் அன்று பருவத்தின் கடைசி ஆட்டம். நாங்கள் ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போவோம். சமனில் முடிந்தால் போரோவா போகும். எண்பத்தெட்டாவது நிமிடம் வரை யாரும் கோல் போடவில்லை. அப்போது எங்கள் க்ராசிமிருக்குப் பந்து கிடைத்தது. வாரநாட்களில் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை முன்கள ஆட்டக்காரன். இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு, கோல் காவலரைத் தாண்டி இடது மூலைக்கு உதைத்தான்.

கோட்டோரமாகக் கொடியோடு பக்கவாட்டில் ஓடி வந்துகொண்டிருந்த துணை நடுவர், ஒரு பெண், அதே நொடியில் கால் மடங்கி விழுந்தாள். விழும்போது கொடி பிடித்த கை மேலே போனது. நடுவர் கொடியைப் பார்த்தார், ஆஃப்சைடு என்று நினைத்து விசிலை ஊதினார். அதற்குப் பிறகுதான் பந்து வலைக்குள் போனது. கோல் செல்லாது. ஆட்டம் சமன். போரோவா மேலே போனது, நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

மைதானம் கொதித்தது. "போரோவாக்காரன் பொண்ணு குடுக்கிறேன்னு சொன்னானா உன் தம்பிக்கு?" என்று ஒருவர். "நல்லா நடிக்கிறா, சினிமாவுல சேத்துவிடுங்க!" என்று இன்னொருவர். என் கணவர் ஸ்டாமென் ரசிகர் சங்கத்தின் செயலாளர். அவர் சொன்னதையெல்லாம் எழுத முடியாது. நான் சூரியகாந்தி விதையை மென்றபடி எழுந்து நின்று, "அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா, உக்காந்தே கொடி காட்டட்டும்!" என்று கத்தினேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அந்தம்மா என் அறைக்குள் வந்தாள்.

நான் ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்க்கிற டாக்டர். வயிறு, கர்ப்பம் எல்லாம் பார்த்தாலும், மூட்டும் தசையும்தான் எனக்குப் பிடித்த வேலை. மாவட்டத்தில் அதற்கென்று உட்காருகிறவர்கள் அதிகம் இல்லை என்பதால் வெளியூர்க்காரர்களும் வருவார்கள். அன்று ஜூன் மாதத்து வெயிலில் தலையில் முக்காடும் முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பெண் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"டாக்டர், கதவைச் சாத்திடலாமா?"

"சாத்துங்க. ஏன் இந்த வேஷம்?"

"பஸ்ஸ விட்டு எறங்கி இங்க வர்றதுக்குள்ள உங்க ஊர்க்காரங்க என்னைக் கண்டுபிடிச்சா தக்காளியாலயே அடிப்பாங்க." கண்ணாடியைக் கழற்றினாள். "நான்தான் அந்தக் கொடிக்காரி."

பெயர் டிலியானா. வயது முப்பத்தெட்டு. தொழில் நில அளவை. மார்ச் மாதம் ஈரமான மலைச்சரிவில் அளவுக் கருவியோடு இறங்கும்போது இடது கால் வழுக்கி, வெளிக்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் 'டக்' என்று ஏதோ தெறித்திருக்கிறது. வீங்கியது, வற்றியது. சுளுக்கு என்றார்கள். அதன் பிறகு நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று மறுபடி அந்த 'டக்', கால் மடங்கிவிடும். எப்போது நடக்கும் என்று அவளுக்கே தெரியாது.

"அப்பறம் எதுக்கு ஆட்டத்துக்கு வந்தீங்க?"

"ரெண்டு வாரமா ஒண்ணுமே ஆகலையே டாக்டர். சரியாப் போச்சுன்னு நெனச்சேன். அது க்ராசிமிர் கோல் போடுற நேரமாப் பாத்துக் காத்திருந்திருக்கு."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாலும் விஷயம் சிரிப்பாக இல்லை. வேண்டுமென்றே கொடியைத் தூக்கினாள் என்று எங்கள் சங்கம் மாவட்ட நடுவர் குழுவுக்குப் புகார் அனுப்பியிருந்தது. கீழே கையெழுத்து: ஸ்டாமென். புகார் நிரூபணமானால் அவள் இனி எந்த மைதானத்திலும் கொடி பிடிக்க முடியாது. காலில் கோளாறு என்று காட்டுவதற்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறாள். அதுவே அவளுக்கு வினையாக முடிந்துவிட்டது.

அறிக்கையை நீட்டினாள். எழுதியவர் டாக்டர் வெலிச்கோ. எனக்குப் படிப்புக் காலத்திலிருந்தே தெரிந்தவர். 'வெளிக்கணுக்காலின் பின்புறம் சிறிதளவு நீர். தசைநாண்கள் தம் இடத்தில் உள்ளன. வேறு குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை.'

"இதைப் படிச்சிட்டு குழுத் தலைவர் என்ன கேட்டார் தெரியுமா? 'அப்போ கால் நல்லாத்தான் இருக்கு, மனசுலதான் கோளாறா?'"

படுக்கச் சொன்னேன். ஜெல்லைத் தடவி, கணுக்கால் எலும்புக்குப் பின்னால் கருவியை வைத்தேன். அந்த இடத்தில் இரண்டு தசைநாண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, எலும்பில் இருக்கும் ஒரு பள்ளத்தில் இறங்கிப் பாதத்துக்குப் போகும். அவை வெளியே வராமல் ஒரு பட்டை அவற்றை எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கும். திரையில் இரண்டும் பள்ளத்தில் சமர்த்தாகக் கிடந்தன. வெலிச்கோ எழுதியதில் தப்பில்லை.

"பாதத்தை மேல தூக்கி வெளிப்பக்கமாத் தள்ளுங்க. நான் கையால தடுப்பேன், விடாதீங்க."

தள்ளினாள். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை. ஒன்றும் இல்லை. ஆறாவது முறை எனக்கே கை வலித்தது.

"படுத்துக்கிட்டா வராது டாக்டர்," என்றாள் அவள். "நான் படுத்துக்கிட்டா கொடி பிடிக்கிறேன்?"

அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. இருபது வருஷமாக எல்லோரையும் படுக்க வைத்தே பார்த்துப் பழகிவிட்டேன். "எழுந்திரிங்க," என்றேன். கருவியின் வயர் எட்டும் தூரத்தில் அவளை நிற்க வைத்து, வெள்ளைக் கோட்டோடு தரையில் உட்கார்ந்து, அவள் கணுக்காலில் கருவியை ஒட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"இப்போ க்ராசிமிர் பந்தோட வர்றான். ஓடுங்க."

"எங்க ஓடறது? சுவத்துக்கா?"

"நின்ன இடத்துலயே பக்கவாட்டுல தாவுங்க!"

தாவினாள். நான் தவளை மாதிரி அவள் கூடவே நகர்ந்தேன். நாலாவது தாவலில் 'டக்' என்றது. விரலில் உணர்ந்தேன், திரையில் கண்டேன். முன்னால் கிடந்த நாண், கயிறு அறுபட்ட மாடு மாதிரி பள்ளத்தை விட்டு எகிறி, எலும்பின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து, ஒரு நொடி அங்கே நின்று, மறுபடி உள்ளே விழுந்தது.

"வந்துருச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்தாள், யாரோ பிரசவித்துவிட்டார்கள் என்று நினைத்து.

அத்தனையும் பதிவாகியிருந்தது. திருப்பிப் போட்டுக் காட்டினேன். டிலியானா திரைக்கு ஓரடி தூரத்தில் நின்று, அந்தச் சாம்பல் நிறக் கயிறு எகிறுவதை மூன்று முறை பார்த்தாள். கண்ணில் நீர் வழிந்தது, வாய் சிரித்தது.

"பாத்தீங்களா? நான் இல்ல! அது! அந்தக் கழுதைதான்!"

அப்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நாற்காலி போடச் சொல்லிக் கத்தினது நான்தான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது நீங்களா? அன்னிக்கு வாங்கின வசவுலயே அது ஒண்ணுதான் கொஞ்சம் ரசிக்கற மாதிரி இருந்துச்சு." பிறகு விரலை நீட்டினாள். "அதுக்குத் தண்டனை, நீங்களே வந்து இந்தப் படத்தைக் குழு முன்னாடி போட்டுக் காட்டணும்."

அவள் போனதும் வெலிச்கோவுக்குப் போன் செய்தேன்.

"கொலேகா," என்றார் வழக்கம்போல. சக டாக்டர்கள் எல்லோரும் அவருக்குக் கொலேகாதான். "என் மெஷின் பொய் சொல்லாது."

"பொய் சொல்லல. தூங்குற ஆளைப் படம் புடிச்சு, இவன் ஓட மாட்டான்னு எழுதிட்டீங்க. அவ்வளவுதான். அந்தப் பட்டையை மட்டும் இன்னொரு தடவ பாருங்க. எலும்போட ஒட்டுற எடத்துல."

உறுமிவிட்டு வைத்தார். அரை மணியில் அவரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "இருக்கு. பட்டை எலும்பை விட்டுப் பிரிஞ்சிருக்கு. மெல்லிசா ஒரு கோடு. நாணுக்குள்ளயும் நீளவாக்குல ஒரு கீறல். நான் தாண்டிப் போயிட்டேன். அறிக்கையை மாத்தி எழுதறேன். அந்தம்மாகிட்ட என் சார்பா மன்னிப்புக் கேட்டுடுங்க."

"நீங்களே கேளுங்க. நம்பர் தர்றேன்."

கேட்டார். பாவம், நல்ல மனுஷன்.

நோயாளி விஷயத்தை வீட்டில் பேசக் கூடாது என்பதால் ஸ்டாமெனிடம் மூச்சுவிடவில்லை. விசாரணை அன்று காலை அவர் சங்கத்தின் பச்சைக் கழுத்துத்துண்டை மாட்டிக்கொண்டு க்ராசிமிரின் ரொட்டி வண்டியில் ஏறிப் போனார். நான் பஸ்ஸில் போனேன். நடுவர் குழு அலுவலகத்தின் வராந்தாவில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்து நின்றோம்.

"நெவேனா? நீ இங்க என்ன பண்றே?"

"சாட்சி சொல்ல வந்திருக்கேன்."

அவர் முகம் மலர்ந்தது. "எனக்காகவா?"

"இல்ல." பக்கத்தில் நின்ற டிலியானாவைக் காட்டினேன். "இவங்களுக்காக."

அவர் டிலியானாவைப் பார்த்தார், இருபத்திரண்டு வருஷம் கூடவே வாழ்ந்த என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல, "நீ எந்த ஊருடி?" என்றார்.

உள்ளே குழுத் தலைவர் புகாரைப் படித்தார். ஸ்டாமென் எழுந்து கொடி, விசில், கோல் என்று வரிசையாகச் சொன்னார், நன்றாகவே பேசினார். பிறகு நான் வெள்ளைச் சுவரில் படத்தைப் போட்டேன். "இது எலும்பு. இது நாண். இப்போ அவங்க பக்கவாட்டுல தாவறாங்க. பாத்துக்கிட்டே இருங்க." நாண் எகிறியது. தலைவர் "ஐயோ!" என்று நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். ஸ்டாமெனின் கை தானாகத் தன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது.

க்ராசிமிர் எழுந்தான். "இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். அவன் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தான். திரும்பி டிலியானாவைக் கேட்டான்: "இந்தக் காலை வச்சுக்கிட்டா என்கூட அம்பது மீட்டர் ஓடி வந்தீங்க?"

"ஓடிட்டேன். கடைசி மீட்டர்தான் முடியல."

"நான் நல்ல காலோட ஓடியே எனக்கு மூச்சு வாங்கிச்சு." பிறகு ஸ்டாமெனைப் பார்த்து, "அண்ணே, பேப்பரை வாங்கிக் கிழிங்க. இது சரியில்ல," என்றான்.

ஸ்டாமென் எழுந்து போய்ப் புகாரை எடுத்து நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "கோல் கோல்தான்," என்றார் தலைவரிடம். "ஆனா இவங்க மேல தப்பில்ல." ஊர் திரும்பும்போது ரொட்டி வண்டியில் எங்கள் நாலு பேருக்கும் இடம் இருந்தது. டிலியானாவை முன் சீட்டில், காலை நீட்டி வைக்க வசதியாக உட்கார வைத்தார்கள். நானும் ஸ்டாமெனும் பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில். முடிவை யாராலும் மாற்ற முடியாது, போரோவா மேலே போனது போனதுதான் என்று அவர் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார், ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும், "டேய், மெதுவா ஓட்டு, அந்தம்மா காலு!" என்று கத்தவும் செய்தார்.

ஜூலையில் அறுவை சிகிச்சை நடந்தது. பள்ளத்தைக் கொஞ்சம் ஆழமாக்கி, நாணின் கீறலைத் தைத்து, பிரிந்த பட்டையை எலும்போடு மறுபடி கட்டினார்கள். ஆறு வாரம் கட்டு. பிறகு பூட்ஸ் மாதிரி ஒரு காப்பு. பிறகு பயிற்சி. க்ராசிமிர் வாரத்துக்கு ஒரு நாள் வண்டியைத் திருப்பி அவள் வீட்டு வாசலில் சூடான ரொட்டி வைத்துவிட்டு வந்தான். அவள் ஊர்க்காரர்கள் பொறாமைப்பட்டார்கள்.

நவம்பரில் ஒரு காலை போன் வந்தது. எடுத்ததும் டிலியானாவின் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"டாக்டர், மறுபடியும் கிழிஞ்சிருச்சாம்."

மீண்டும் பட்டியலில் சேர்ப்பதற்காக நடுவர் குழு புதுப் படம் கேட்டிருந்தது. அவள் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறாள். அறிக்கையை வாசித்துக் காட்டினாள்: நாண் தடித்திருக்கிறது, உள்ளே வெளுப்பாகத் தெரிகிறது, மறு கிழிசலாக இருக்கலாம். கீழே கையெழுத்து வெலிச்கோ.

"வலிக்குதா?"

"இல்ல."

"டக்குன்னு எகிறுதா?"

"நாலு மாசமா ஒரு தடவகூட இல்ல. அதான் டாக்டர் புரியல. அப்போ வலிச்சுது, படம் ஒண்ணும் இல்லைன்னுது. இப்போ வலிக்கல, படம் கிழிஞ்சிருக்குங்குது. நான் என் காலை நம்பறதா, படத்தை நம்பறதா?"

"நாளைக்குக் கெளம்பி வாங்க."

வெலிச்கோவையும் வரச் சொன்னேன். அவர் மறுப்பார் என்று நினைத்தேன்; மறுநாள் எங்களுக்கு முன்பே வந்து வராந்தாவில் கர்ப்பிணிகளுக்கு நடுவில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிலியானாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அம்மா, ராத்திரி தூக்கமே இல்ல. போன தடவ ஒரு கோட்டை விட்டுட்டேன். இந்தத் தடவ எதையும் விட்டுடக் கூடாதுன்னு..."

"வாங்க கொலேகா," என்றேன். "முட்டி போடத் தெரியுமா?"

அறையில் டிலியானா நின்றாள். நான் ஒரு பக்கம் தரையில், வெலிச்கோ மறுபக்கம் தரையில், அந்த வயதில், அந்த நல்ல கால்சட்டையோடு. கருவியை வைத்தேன். தைத்த நாண் உண்மையாகவே தடித்திருந்தது. பழைய அளவைப் போல் ஒன்றரை மடங்கு. தையல் போட்ட இடங்கள் சின்னச் சின்ன முடிச்சாகத் தெரிந்தன. ஆனால் இழைகள் மேலிருந்து கீழ் வரை அறாமல் ஓடின.

"குதிகாலைத் தூக்குங்க. எறக்குங்க. வெளிப்பக்கம் தள்ளுங்க. இப்போ தாவுங்க."

முதல் தாவல் பயந்து பயந்து வந்தது. நாண் பள்ளத்துக்குள்ளேயே வழுக்கி மேலே போனது, கீழே வந்தது. இரண்டாவது. ஐந்தாவது. பத்தாவது. எண்ணெய் போட்ட கதவு மாதிரி ஓசையில்லாமல் போய்ப் போய் வந்தது. விளிம்பின் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

"இருபது," என்றார் வெலிச்கோ. எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். "ஒரு தடவகூட இல்ல."

"கிழியலையா?" என்றாள் டிலியானா.

"கிழியல," என்றேன். "தச்ச நாண் ஆறும்போது தடிக்கும். உள்ள வேலை நடந்துக்கிட்டிருக்கறதால படத்துல வெளுப்பாத் தெரியும். இன்னும் பல மாசத்துக்கு அப்படித்தான் தெரியும். சட்டைக் கிழிசலைத் தச்சா தையல் எடம் மட்டும் தடிப்பா இருக்காதா? அதுக்காக மறுபடி கிழிஞ்சிருச்சுன்னு சொல்வோமா?"

வெலிச்கோ கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "போன தடவ கொறைச்சு எழுதினேன், இந்தத் தடவ கூட்டி எழுதிட்டேன். அடுத்த தடவ உங்க காலைப் படம் எடுக்க வந்தா சரியா எழுதிடுவேன்."

"அடுத்த தடவ வேணாம் டாக்டர்!" என்று டிலியானா கும்பிட்டாள். மூன்று பேரும் சிரித்தோம். அவர் என் மேஜையிலேயே உட்கார்ந்து திருத்தத்தை எழுதினார். அவர் எழுதி முடிக்கும் வரை அவளால் காத்திருக்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போய், மூலையில் நின்ற துடைப்பத்தை எடுத்து உயர்த்திப் பிடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பக்கவாட்டில் ஓடினாள். திரும்பவும் ஓடி வந்தாள். காத்திருந்த கர்ப்பிணிகள் காரணம் தெரியாமலே கை தட்டினார்கள். ஒருத்தி, "எனக்கும் அந்த ஸ்கேனே எடுங்க டாக்டர்," என்றாள்.

ஏப்ரலில் அவளுக்குக் கிடைத்த முதல் ஆட்டமே ஸ்லிவோவோவில். அரங்கில் எனக்கு நகம் கடிப்பதே வேலையாக இருந்தது. ஆட்டத்தில் எனக்குக் கவனமில்லை. கோட்டோரம் போய் வரும் அந்த இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பதாவது நிமிடத்தில் க்ராசிமிர் பந்தோடு பறந்தான். அவளும் பறந்தாள். வலை அசைந்தது. எல்லோரும் எழுந்தோம். டிலியானா கோட்டில் அசையாமல் நின்று கொடியை நேராக உயர்த்தியிருந்தாள். ஆஃப்சைடு.

"கண்ணா அது, கோலிக்குண்டா?" என்று முதலில் குரல் கொடுத்தது என் கணவர்தான். "இவளுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கடா!" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல். மைதானமே சேர்ந்து அவள் கண்ணைத் திட்டித் தீர்த்தது. காலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் எங்கள் பக்கம் திரும்பாமல் நின்றாள். ஆனால் தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு கோல் வித்தியாசத்தில் எப்படியோ ஜெயித்துவிட்டோம். ஆட்டம் முடிந்து சங்கத்தின் தோட்டத்தில் கெபாப்சே இறைச்சி வாட்டும் புகைக்கு நடுவில் உட்கார்ந்தபோது அவளே எங்கள் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்டாமென் அவளுக்குத் தட்டை நிரப்பிக்கொண்டே ஆரம்பித்தார்.

"அது ஆஃப்சைடு இல்ல."

"ஆஃப்சைடுதான். இங்க பாருங்க." தட்டிலிருந்த தக்காளித் துண்டுகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். "இது உங்க க்ராசிமிர். இது கடைசித் தடுப்பாளன். பந்து கெளம்பும்போது இவன் இங்க, அவன் அங்க. ஒரு முழத் தூரம்."

"அவன் அங்க இல்ல, இங்க," என்று ஸ்டாமென் தடுப்பாளனை நகர்த்தினார்.

"ஆட்டக்காரனைத் தொடக் கூடாது!" என்று அவள் திருப்பி நகர்த்தினாள்.

க்ராசிமிர் வந்து குனிந்து பார்த்தான். "நான் எது? இந்தச் சின்னத் துண்டா?" என்று வருத்தப்பட்டான்.

ஸ்டாமென் கையை நீட்டி, கோல் கோட்டுக்கு அருகில் கிடந்த க்ராசிமிரை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"இப்போ சொல்லுங்க," என்றார் வாய் நிறைய. "எங்க இருந்தான்?"